பாற்கடல் கண்ட மன்னன்

மலைகளிடையே ஏரியை அணைத்தபடி அமைந்த பழம்பெரும் நகரங்கள் என்றதும் இத்தாலியின் கோமோ போன்ற ஊர்களே பலருக்கும் நினைவில் எழும். அங்குள்ள ஏரிகளைக் குடைந்தவை பழங்காலப் பனியாறுகள். நம் நாட்டின் கண்டி வாவியோ மனிதர் கைகளால் ஆனது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், தலதா மாளிகையின் அருகே விரிந்து கிடக்கிறது அது. ஆறில்லாக் குடாநாட்டிலிருந்து சென்ற நான் அதன் கரையைச் சுற்றி நடந்தபோது என்னுள் எழுந்த வினா ஒன்றுதான்: இந்த நீர் யாருக்காகத் தேக்கப்பட்டது?

நம் ஊர்களில் குளம் என்பது வாழ்வின் தேவை. மாரியில் நிறைந்து, மண்ணுள் ஊறி, கோடையில் நம் கிணறுகளைக் காப்பது அது. பண்டைப் புலவர்கள் குளம் தொட்ட வேந்தரைப் புகழ்ந்ததும் அந்நீர் நாட்டை வளம்படுத்தியமையாலேயே. கண்டியிலோ காரியம் மாறி நடந்தது. 1807ஆம் ஆண்டளவில் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல்நிலத்தில் அணையிட்டு இவ்வாவியை அமைத்தான். வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்கன்று. வயலையே நீருள் ஆழ்த்தித் தலைநகரை அழகுசெய்வதற்கு. சிங்களத்தில் அதற்குக் 'கிரி முஹுத' என்று பெயர். பாற்கடல் என்பது பொருள். கரையில் எழுந்த வெண்மதிலின் பெயரோ 'முகில் மதில்'. தேவலோகத்தை மண்ணிலே காண விழைந்த அக்கற்பனைக்கு உருக்கொடுத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி.

கற்பனை மன்னனுடையது; வியர்வை குடிகளுடையது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தின்கீழ் அவர்கள் மண் சுமந்தார்கள். மறுத்தவர்களை வாவியின் அடித்தளத்திலேயே கழுவேற்றினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. கதை எவ்வாறாயினும் வெறுப்பு மெய்யானது. பிரதானிகளும் அவனைக் கைவிட்டனர். 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் பெரும் போரின்றியே கண்டியைக் கைப்பற்றினர். முகில் மதில் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய இம்மன்னன், 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் நால்வருள் இறுதியானவன். தென்னிந்திய வழிவந்தவன் என்பதால் நம்மவன் என்று கொண்டாடுவோரும் உளர். அந்நியன் என்று தூற்றுவோரும் உளர். வாவியைப் பார்த்தபின் இவ்விரண்டும் எனக்குப் போதவில்லை. அரசனின் மொழி எதுவாயினும் மண் சுமந்தவன் தோள் ஒன்றுதான். ஆயினும் அவ்வழகைப் பொய்யென்று தள்ளவும் இயலாது. இன்றும் அந்நகரின் முகம் அந்த வாவியே. புகழ்பாடுவது அவைப்புலவர் தொழில்; யாருடைய வயல் மூழ்கியது என்று கேட்பது வாசகர் கடமை. இலக்கியம் கற்போருக்கும் வரலாறு கற்போருக்கும் இது பொது.

1816இல் மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். 1832 ஜனவரி 30இல் அங்கேயே மறைந்தான். அவனுக்கு எழுந்த முத்துமண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. பாற்கடல் அமைத்தவனுக்கு இறுதியில் வாய்த்தது பாலாற்றங்கரை. ஆண்டில் பல மாதங்கள் மணலாய்க் கிடக்கும் ஆறு அது.