சிதறும் ஒலியும் சீரான செவியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. குரல் இருக்கும்போதே அவருடைய கர்ண மோட்சப் பாடல்களைப் பதிவு செய்துவிட வேண்டுமென்று சென்ற ஆண்டு நாங்கள் சிலர் முயன்றோம். நாவலூரில் ஒரு மாடியறையில் நடைபெறும் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அவரை அழைத்துச் சென்றோம். குரல், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை ஆகியவை தனித்தனித் தடங்களில் பதிவாயின. பின்னர் ஒலிப்பதிவாளர் அவற்றை ஒன்றாகக் கலந்தார். அந்த அறையில் கேட்டபோது எல்லாம் நன்றாகவே இருந்தன. வீட்டிற்கு வந்து கேட்டால் முகவீணை காதைக் கிழித்தது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. "நானா இப்படிப் பாடினேன்?" என்று வாத்தியார் கேட்டார்.

அவருக்கு விடை சொல்ல வேண்டி நான் படித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

அறை சொல்லும் பொய்

ஒலிப்பதிவுக் கூடத்தில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, கலைஞர்கள் பாடும் அறை. மற்றொன்று, ஒலிப்பதிவாளர் அமர்ந்து ஒலிபெருக்கியில் கேட்டு, கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டு அறை. பின்னதில் கேட்பதை நம்பித்தான் அவர் முடிவு செய்கிறார். அந்த அறை பொய் சொன்னால் அவருடைய முடிவும் பொய்யாகிவிடும்.

அறை எவ்வாறு பொய் சொல்லும்? நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்கிறது. ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் 1.5 மீட்டரில் வழவழப்பான சுவர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி அவர் காதைத் தொட்டு, சுவரில் மோதி, 3 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து மீண்டும் அவரிடம் வருகிறது. இந்த 3 மீட்டர் எந்த அலைக்கு அரை அலைநீளமோ அந்த அலையில் மேடும் பள்ளமும் சேர்ந்து ஒலி மங்கிவிடும். கணக்கிட்டால் சுமார் 57, 172, 287 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். இடையிலுள்ள 115, 230 ஹெர்ட்ஸ்களில் ஒலி மிகும். வரைபடத்தில் இது சீப்பின் பற்களைப் போலிருக்கும். வகுப்பில் நாம் படிக்கும் குறுக்கீட்டு விளைவேதான் இது.

"சுவரில் நுரைப்பஞ்சை ஒட்டிவிட்டால் போயிற்று" என்று பலரும் எண்ணுகின்றனர். நாங்கள் சென்ற அறையிலும் நான்கு சுவர்களிலும் பஞ்சுதான். ஆனால் 5 செ.மீ. பஞ்சு விழுங்குவது பெரும்பாலும் உச்ச ஒலிகளையே. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.45 மீட்டர்; அதில் கால் பங்கே 86 செ.மீ. அந்த ஒலிக்கு 5 செ.மீ. பஞ்சு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆகவே அறையில் உச்ச ஒலி செத்து, தாழ்ந்த ஒலி மட்டும் முழங்கிக்கொண்டிருக்கும். ஒலிப்பதிவாளர் தம் காதை நம்பி உச்சத்தைக் கூட்டினார், தாழ்வைக் குறைத்தார். வெளியே வந்ததும் முகவீணை கிழிந்தது, தொப்பி மறைந்தது. குற்றம் அவருடைய காதில் இல்லை.

கடல் சொல்லும் பாடம்

ஒலியை விழுங்காமலும் அப்படியே திருப்பி அனுப்பாமலும் இருக்க ஒரு மூன்றாவது வழி உண்டு. நேர்ச்சுவரில் மோதும் அலை ஒரே அலையாகத் திரும்பும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலருகே அரிப்பைத் தடுக்கக் கொட்டப்பட்டுள்ள கற்களில் மோதும் அலையோ பல சிற்றலைகளாக உடைந்து பல பக்கமும் சிதறுகிறது. ஒலிக்கும் அப்படியே. மேடு பள்ளமான சுவர் ஒலியைப் பல திசைகளிலும் பல கணங்களிலும் சிதறச் செய்கிறது. அறை உயிரோடிருக்கும், சீப்புப் பற்களோ மழுங்கிவிடும்.

இதற்கு நேர் எதிரான நிலையை நம் சர் சி.வி. இராமன் ஆராய்ந்திருக்கிறார். பீஜப்பூரின் கோல்கும்பஸ் முதலிய முணுமுணுக்கும் மாடங்களைப் பற்றி அவர் 1920களின் தொடக்கத்தில் எழுதினார். அங்கே வழவழப்பான வளைசுவர் ஒலியைச் சிதறவிடாமல் தன்னோடு அணைத்துச் செல்வதால், ஒரு பக்கம் முணுமுணுப்பது எதிர்ப்பக்கம் கேட்கிறது. வேடிக்கைக்கு அது நன்று, இசைக்கு ஆகாது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபத்தின் மாடக்குழிச் சிலைகளும் பள்ளங்கள் கொண்ட கூரையும் ஒலியைச் சிதறடிப்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றன.

எண் கணிதம் கட்டிய சுவர்

எத்தனை மேடு, எவ்வளவு பள்ளம் என்பதற்குக் கணக்கு வகுத்தவர் ஜெர்மானிய இயற்பியலறிஞர் மன்ஃபிரெட் ஷ்ரோடர். கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், 1975இலும் 1979இலும் வெளியிட்ட கட்டுரைகளில் எண் கோட்பாட்டைச் சுவருக்குப் பயன்படுத்தினார். அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய காஸ் 1801இல் எழுதிய வர்க்க மீதிகள் இங்கே கைகொடுத்தன.

7 என்ற பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். 0 முதல் 6 வரையுள்ள எண்களை வர்க்கமாக்கி 7ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4, 2, 2, 4, 1. இம்மீதிகளின் விகிதத்தில் ஆழமுள்ள ஏழு பள்ளங்களை, இடையே மெல்லிய பலகை வைத்து, வரிசையாக அமைக்க வேண்டும். 345 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 1 மீட்டர். அதை 14ஆல் வகுத்தால் ஓர் அலகு ஏறத்தாழ 7.1 செ.மீ. எனவே மிக ஆழமான பள்ளம் நான்கு அலகு, அதாவது ஏறத்தாழ 28.6 செ.மீ. பள்ளத்தின் அகலம் 5 செ.மீ. என்றால் சுமார் 3450 ஹெர்ட்ஸ் வரை இந்தக் கணக்குப் பொருந்தும். ஒவ்வொரு பள்ளமும் ஒலியை வெவ்வேறு காலத்தாழ்வுடன் திருப்பியனுப்ப, அவை கூடி ஆற்றலைப் பல திசைகளுக்குச் சமமாகப் பங்கிடுகின்றன.

1980இல் டான் டேவிசும் சிப்ஸ் டேவிசும் கட்டுப்பாட்டு அறையின் முன்பகுதி ஒலியை விழுங்க வேண்டும், பின்பகுதி உயிரோடிருக்க வேண்டும் என்னும் அமைப்பை விளக்கினர். அந்தப் பின்சுவருக்கு ஷ்ரோடரின் பலகை பொருத்தமாக அமைந்தது. அணுக்கட்டமைப்பை ஆராய்ந்துவந்த பீட்டர் டி அன்டோனியோ 1983இல் இத்தகைய பலகைகளைச் செய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள பிளாக்பேர்ட் கூடத்தின் 'சி' அறையில் ஜார்ஜ் மாசன்பர்க் இதன் எல்லைக்கே சென்றார். அங்கே சுவர்களும் கூரையும் வெவ்வேறு நீளமுள்ள எண்ணற்ற மரத்துண்டுகளால் நிறைந்திருக்கின்றன. எந்த ஒரு சுவரும் தனியாகக் குரல் கொடுக்காத அறை அது.

பெரிய அளவு ஏன்?

நம் கணக்கில் விழுந்த பள்ளங்களுள் ஒன்று 172 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 2 மீட்டர். அதைச் சிதறடிக்க 57 செ.மீ. ஆழம் வேண்டும். 57 ஹெர்ட்ஸுக்கோ 1.7 மீட்டர் ஆழம் வேண்டும். அது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். கடையில் கிடைக்கும் கையகலப் பலகை அழகுக்கு உதவும். இந்த அலைகளுக்கு உதவாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சிதறிய ஒலி ஒன்றாகக் கலக்க இடம் வேண்டும். சிதறடிக்கப்படும் மிகத் தாழ்ந்த ஒலியின் அலைநீளத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி அமர வேண்டுமென்பது பொதுவான விதி. 345 ஹெர்ட்ஸுக்கு 3 மீட்டர். 172 ஹெர்ட்ஸுக்கு 6 மீட்டர்.

ஆகவே பெரிய அறையில் ஆழமான சிதறற்சுவர் சிறந்தது. பத்தடி, பன்னிரண்டடி அறைக்கு அது பொருந்தாது. அங்கே மூலைகளில் தடித்த கல்பஞ்சை அடுக்கித் தாழ்ந்த ஒலியை அடக்குவதும், ஒலி முதலில் மோதும் இடங்களில் மட்டும் தடித்த உறிஞ்சிகளை வைப்பதும், மற்றச் சுவர்களை முழுவதும் மூடாமல் விடுவதுமே அறிவுடைமை.

இது நமக்கு ஏன் முக்கியம்? ஒரு காலத்தில் பெரிய கூடங்களில் வாத்தியக் குழு முழுவதையும் அமர்த்திப் பாடல் பதிந்தார்கள். ஏ.ஆர். ரகுமான் வீட்டை ஒட்டி அமைத்த கூடத்தில் பதிவான 'ரோஜா' பாடல்கள் 1992இல் வெளிவந்தன. இன்றோ பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மாடியறைகளில் பதிவு நடக்கிறது. கருவி மலிந்துவிட்டது, அறையின் இயற்பியல் மாறவில்லை.

கூத்து வாத்தியார் இப்போது பாடுவதில்லை, மூச்சு இடங்கொடுக்கவில்லை. ஆனால் ஓர் ஆறுதல் உண்டு. பொய் சொன்னது கட்டுப்பாட்டு அறைதான், ஒலிவாங்கி அன்று. கலப்பதற்கு முந்திய தடங்களை அந்த ஒலிப்பதிவாளர் அழிக்காமல் வைத்திருந்து, கேட்டவுடன் கொடுத்தார். அவற்றை வேறோர் அறையில் மீண்டும் கலக்கப் போகிறோம். அதற்குமுன் அங்கே நின்று ஒருமுறை கை தட்டிப் பார்ப்பேன். தட்டலின் பின்னே கணகணவென்று உலோக ஒலி எழுந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று பொருள். அவற்றை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் வாத்தியாரின் குரலைத் தொடுவோம்.