காட்டு வழிக்கு எதை உடுப்பது, எதைச் சுமப்பது?

ஆனி மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்தில் கதிர்காமப் பாதயாத்திரைப் பேச்சுத் தொடங்கிவிடும். உகந்தை முருகன் கோயிலில் கூடி, குமண, யால காடுகளூடாகக் கதிர்காமம் வரை நான்கைந்து நாட்கள் நடக்கும் பயணம் அது. கச்சான் காற்று அனலாக வீசும் காலம். என்னிடம் சட்டை தைக்க வரும் பெண்கள், "அக்கா, என்னத்தை உடுக்கிறது? என்னத்தைக் கொண்டுபோறது?" என்று கேட்பார்கள். நான் இந்த வழியை மூன்று முறை நடந்து முடித்தவள். அதற்கு முன் ஒருமுறை பாதியில் திரும்பியவள். அந்தத் தோல்வியிலிருந்துதான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

2006 மார்கழியில் வாகரையிலிருந்து காட்டு வழியாக நடந்து வெளியேறியவர்களில் நானும் ஒருத்தி. கணவரை இழந்து மூன்று மாதம். மகளுக்கு நான்கு வயது. ஷெல் சத்தத்துக்குள் எதை எடுப்பது என்று யோசிக்க நேரமில்லை. பிழைப்புக்கு வேண்டுமென்று தையல் மெசினின் தலையைக் கழற்றித் தூக்கிக்கொண்டேன். பிள்ளையின் செருப்பை மறந்துவிட்டேன். மெசினைக் கொஞ்சத் தூரத்தில் ஒரு மரத்தடியில் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கினேன். அவளுடைய காலில் முள் குத்திய தழும்பு இன்றும் இருக்கிறது.

2013இல் நேர்த்தி வைத்து முதல் யாத்திரை போனேன். நைலக்ஸ் சீலை, அன்றுதான் வாங்கிய செருப்பு, அரிசி, பருப்பு, சட்டி என்று ஒரு பெரிய பை. இரண்டாம் நாள் கும்புக்கன் ஆற்றங்கரையில் என்னால் அடியெடுத்து வைக்க முடியவில்லை. இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. தொடை உரசிப் புண்ணாகியிருந்தது. கூட வந்த ஆச்சி என் காலைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, புதுச் செருப்போட ஆராவது காட்டுக்குள்ள வருவாங்களா?" என்றா. உழவு இயந்திரமொன்றில் உகந்தைக்குத் திரும்பினேன். வழி முழுக்க அழுதேன்.

காலுக்கு

புதுச் சப்பாத்தோ செருப்போ என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கி, கடைக்கும் வயலுக்கும் போட்டு நடந்து பழக்குங்கள். நடக்க நடக்கக் கால் வீங்கும். ஆகவே பின்னேரத்தில் போய், விரல் நுனிக்கு முன்னால் சற்று இடம் இருக்கும் அளவு பார்த்து வாங்குங்கள். குதிகாலைப் பிடிக்கும் வார் இல்லாத செருப்பு மணலில் கழன்று கழன்று போகும். நான் கன்வஸ் சப்பாத்துப் போடுகிறேன். காலுறை 2 சோடி கொண்டுபோய், மதியத்தில் மாற்றி, ஈரமானதைப் பையின் வெளியே கட்டிக் காயவிடுவேன். ஆறு கடக்கும்போது சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு, பிறகு விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுத்தான் போடவேண்டும். தோல் சிவந்து எரியத் தொடங்கிய உடனேயே பிளாஸ்ரர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காதீர்கள். வெறுங்காலுடன் நடக்க நேர்ந்தவர்களும் உண்டு. அவர்களும் மதிய மணலுக்காக ஒரு சோடி செருப்பைப் பையில் வைத்திருப்பது நல்லது.

உடம்புக்கு

வெளிர் நிறப் பருத்தித் துணியே இந்த வெயிலுக்கு ஏற்றது. வியர்வையை உறிஞ்சி, காற்றில் காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். நைலக்ஸ் உடம்போடு ஒட்டிப் புழுங்கும். சீலை முட்செடியில் மாட்டும். ஆகவே கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் அகலப் பாவாடையும் நீளக்கை வைத்த தளர்ந்த சட்டையும் தைத்துக்கொண்டேன். சுடிதாரும் நல்லது. உள்பாவாடையின் மெல்லிய நாடா இடுப்பை அறுக்கும். 2 அங்குல அகலப் பட்டி வைத்துத் தையுங்கள். உள்ளே முழங்கால் வரை பருத்திக் காற்சட்டை போட்டால் தொடை உரசாது. இரவில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசலாம். தலைக்கு ஒரு துவாயை நனைத்துப் போடுங்கள். மாதத் துணியும் எடுத்துவையுங்கள். பயணக் களைப்பில் நாள் முந்தி வருவதும் உண்டு.

"புருசன் இல்லாதவள் பாவாடை சட்டையோட போறதா?" என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். என் மாமிதான், "நடக்கிறவளுக்குத்தானே தெரியும், எது வசதியென்று" என்று வாயை அடைத்தா. அந்தச் சொல்லை நான் மறக்கமாட்டேன்.

சுமைக்கு

பையைக் கட்டி முடித்ததும் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு 10 கிலோவே அதிகம். 5, 6 கிலோவோடு நின்றால் சுகமாக நடக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரே ஒரு கிலோ என்பதை மறக்காதீர்கள். 2 லீற்றராவது கையில் வேண்டும், ஆகவே குறைக்கவேண்டியது மற்றவற்றையே. கைப்பையும் உரப்பையும் வேண்டாம். இரண்டு தோளிலும் மாட்டும் பைதான் நல்லது. பழைய டெனிம் துணியில் நானே தைத்தேன், வார் 3 அங்குல அகலம். பாரமானது முதுகை ஒட்டி இருக்கவேண்டும்.

மாற்றுடை ஒன்று, படுக்கச் சிறு படங்குத் துண்டு, மெல்லிய போர்வை, ரோச் லைட், ஊசி நூல், பிளாஸ்ரர், அவல், ஜீவனிப் பக்கற். ஜீவனி முடிந்துவிட்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம். அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டையின் உட்பையில் வையுங்கள். பொலித்தீனைக் காட்டில் எறியாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். சமைக்கும் சட்டியைக் குழுவுக்கு ஒன்றென்று முறைவைத்துத் தூக்கலாம். யானை திரியும் காட்டில் எப்படியும் கூட்டமாகத்தான் நடக்கவேண்டும்.

இந்த முறை மகளும் வருகிறாள். போன கிழமை அவளுடைய பையை நிறுத்தோம், 9 கிலோ. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, "இது வேணுமா அம்மா?" என்று கேட்டாள். இருவரும் இருந்து யோசித்து 6 கிலோவாக்கினோம். அவளுடைய சப்பாத்தை முற்றத்தில் போட்டு நடந்து காட்டச் சொன்னேன். "ஒரு மாசமாப் போடுறன் அம்மா, கடிக்கேல்ல" என்று சிரித்தாள்.

சகோதரிகளே, அன்று நமக்கு யோசிக்க நேரம் தரப்படவில்லை. இன்று இருக்கிறது. கோயிலுக்கோ மலைக்கோ, எங்கே நடந்தாலும், முதல் நாளே பையை விரித்து வைத்து, உங்கள் காலுக்கும் தோளுக்கும் எது இதமோ அதை நீங்களே தெரிந்தெடுங்கள்.