உங்களுக்குத் தெரியுமா?

கருந்துளையையே மிஞ்சிய முடிச்சு!

கன்னி விண்மீன் கூட்டத் திசையில், சுமார் 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது எம்87 என்ற ரேடியோ விண்மீன் மண்டலம். அதன் நடுவிலுள்ள கருந்துளை 650 கோடி சூரியன்களின் நிறை கொண்டது. 2019இல் வெளியான புகழ்பெற்ற கருந்துளைப் படம் இதனுடையதுதான். அங்கிருந்து ஒளிவேகத்தை ஒட்டிய விரைவில் துகள்களின் பீச்சு (ஜெட்) ஒன்று பாய்கிறது.

கருந்துளையிலிருந்து 200 ஒளியாண்டுக்கு மேல் தள்ளி, அந்தப் பீச்சில் முடிச்சு போல் ஒளிரும் ஒரு திரட்சி. பெயர் எச்எஸ்டி-1. 2000இல் சந்திரா விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது எக்ஸ் கதிரில் மங்கலாகத்தான் இருந்தது. 2005க்குள் 50 மடங்குக்கும் மேல் பிரகாசித்து, மண்டலத்தின் மையத்தையே தோற்கடித்தது! அதன் பின் மெல்ல மங்கிவிட்டது.

இந்த ஏற்ற இறக்கம், ஒளி புறப்படும் இடத்தின் அளவைக் கணிக்கும் ஓர் அளவுகோலும்கூட. சில மாதங்களில் ஒளி மாறினால், அது புறப்படும் இடமும் மிகச் சிறியதாகவே இருக்கவேண்டும். பெரிய இடமென்றால் ஒரு முனையின் மாற்றம் மறுமுனைக்குப் போய்ச்சேரவே பல்லாண்டு ஆகும். அந்த இடத்தின் அளவு, வெறும் படத்தில் பிரித்தறிய முடியாத நுணுக்கம்.