சிறைத் தாயும் அவள் சேயும்

கண்ணன் பிறந்த இடம் சிறைச்சாலை. பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. இக்கதையைச் சொல்லும்போது யசோதையின் மகிழ்ச்சியையே நாம் விரித்துரைக்கிறோம். குலசேகர ஆழ்வாரோ தம் பெருமாள் திருமொழியில் ஏழாம் திருமொழி முழுவதையும் தேவகிக்கே அளித்தார். தாலாட்டவும், பாலூட்டவும், மழலை கேட்கவும் பெறாத தாயின் புலம்பல் அது.

தேவகி குற்றமற்றவள். இன்று சிறை செல்லும் தாய் குற்றம் செய்தவளாகவே இருக்கலாம். எனினும் பிள்ளை குற்றமற்றது என்பதில் ஐயமில்லை. அப்பிள்ளை எங்கே வளர்வது என்பதுதான் கேள்வி.

தாயுடன் சிறையில் வளர்ந்தால், அன்பு கிடைக்கும். உலகம் மதிலோடு முடிந்துவிடும். வெளியில் வளர்ந்தால், உலகம் கிடைக்கும், தாய் கிடைக்கமாட்டாள். இரண்டும் இழப்பே. ஆதலின் பல நாடுகள் ஒரு வயதெல்லையை வகுத்துள்ளன. மலேசியாவின் 2000ஆம் ஆண்டுச் சிறைச்சாலை விதிகளின்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை தாயுடன் இருக்கலாம். தலைமை இயக்குநர் இசைந்தால் நான்கு வயது வரை நீடிக்கலாம். இந்தியாவில் அவ்வெல்லை ஆறு வயது.

இந்திய உச்ச நீதிமன்றம் ஆர். டி. உபாத்யாய் தொடுத்த வழக்கில் 2006 ஏப்ரல் 13இல் அளித்த தீர்ப்பு இத்துறையில் கற்கத்தக்கது. சிறையிலுள்ள குழந்தையைக் கைதியாக நடத்தலாகாது. உணவு, உடை, மருத்துவம், கல்வி, விளையாட்டு ஆகியவை அதற்கு உரிமை. மூன்று வயதுக்குட்பட்டோர்க்குக் குழந்தைக் காப்பகமும், மூன்று முதல் ஆறு வயதுடையோர்க்குப் பாலர் பள்ளியும் வேண்டும் என்றது அது. ஆறு வயதில் வெளியே செல்லும் பிள்ளை வாரம் ஒரு முறையேனும் தாயைக் காணவேண்டும் என்றும் விதித்தது. பிறப்புப் பதிவில் பிறந்த இடம் சிறை என்று குறிக்கலாகாது, அவ்வட்டாரத்தின் முகவரி மட்டுமே இருக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. ஒரு பிறப்புப் பத்திரத்திற்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த தோட்டக் குடும்பங்களை அறிந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

2010 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற ‘பாங்காக் விதிகள்’ இன்னும் ஒரு படி மேலே சென்றன. கருவுற்றோர்க்கும் சிறு பிள்ளைகளையுடைய தாய்மார்க்கும் இயன்றவரை சிறையல்லாத தண்டனையே தருக என்றன. சிறை தவிர்க்க இயலாதாயின், உள்ளே செல்லுமுன் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்யத் தாய்க்கு அவகாசம் தருக என்றன.

இந்த அவகாசமே தலையாயது என்பது என் கருத்து. எல்லை மூன்றா, ஆறா என்று வாதிடுகிறோம். ஆனால் பிள்ளை சிறைவாயிலைக் கடந்து வரும் நாளில் அதன் கையைப் பிடிக்க யார் நிற்கிறார் என்பதே அதன் வாழ்வை முடிவு செய்கிறது.

முன்பு தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். கொட்டகை இல்லாவிடில் பாட்டி, அத்தை, அடுத்த வீட்டுக்காரி என்று லயத்தில் ஒருவர் இருப்பார். இன்று சிரம்பான், நீலாய் வட்டாரங்களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து மக்கள் பல திசைகளிலும் சிதறினர். காஜாங்கில் பெண்கள் சிறை நம் மாநில எல்லைக்கு அண்மையில்தான் உள்ளது. ஆனால் பிள்ளையை அங்கே அழைத்துச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க ஆயத்தமான உறவினர் வேண்டுமே!

நான்கு வயதில் தாயைப் பிரிந்த பிள்ளை, சில ஆண்டுகளில் நம் முதலாம் வகுப்பில் வந்து அமர்கிறது. அங்கே சட்டத்தின் வேலை முடிந்து ஆசிரியரின் வேலை தொடங்குகிறது. ‘அம்மா என்ன வேலை செய்கிறார்?’ என்று வகுப்பின் நடுவே கேட்கவேண்டா. பாதுகாவலர் வரும்போது பிறப்புப் பத்திரமும் பதிவுத் தாள்களும் முறையாக உள்ளனவா என்று பார்த்துக் கொடுப்போம். கடிதம் எழுதுதல் நம் பாடத்திலேயே உள்ளது. அப்பிள்ளை தன் தாய்க்கே எழுதட்டும். தேர்ச்சி அறிக்கையின் படியொன்றைப் பாதுகாவலர் வழியாகத் தாய் பார்க்கச் செய்வோம்.

தண்டனைக் காலம் முடிந்து தாய் திரும்புவாள். அன்று தன் பிள்ளை தன்னை அடையாளம் காணவேண்டும். தானும் அதன் வளர்ச்சியை அறிந்தவளாக இருக்கவேண்டும். நீதிமன்றம் விதித்தது தாய்க்குச் சிறை, பிள்ளைக்கு அன்று.