கடல் கடந்து வந்த துரையம்மா!
தமிழ் தெரியாத இங்கிலாந்துப் பெண் தமிழ்ப் பட நட்சத்திரம் ஆன கதை

பிரம்மதேசம்.

திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகும் சாலையில் உள்ள ஊர். மேலும் கிழக்கே போனால் உப்பளம். அதையும் தாண்டினால் கடல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அங்கே ஒரு வீட்டில் டெலிவிஷன் ஓடிக்கொண்டு இருந்தது. படம், "மதராசபட்டினம்".

உப்பு சுமந்து களைத்துப்போன ஆயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூடம் படிக்கும் பேத்தி.

"ஏண்டி பாப்பா, அந்தத் துரையம்மா நெசமாவே வெள்ளைக்காரியா? இல்லே, நம்ம ஊருப் பொண்ணுக்குப் பவுடர் பூசி விட்டுட்டாங்களா?" என்று கேட்டாள் ஆயா.

"நெசமான வெள்ளைக்காரிதான் ஆயா. இங்கிலாந்துப் பொண்ணு."

"அப்போ நம்ம ஊரு சினிமாவுக்கு எப்படி வந்தா? தமிழு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

பேத்தி விழித்தாள்.

ஆயா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

தீவில் பிறந்தார்

அந்தத் துரையம்மாவின் பெயர் ஏமி ஜாக்சன்.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, கடலில் "மேன்" என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் தலைநகரம் டக்ளஸ். அங்கே 1992-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி ஏமி பிறந்தார்.

வளர்ந்தது லிவர்ப்பூல் நகரில். அது இங்கிலாந்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. நம் மரக்காணத்தைப் போலவே அங்கும் உப்புக் காற்று வீசும். ஆனால் வெயில்தான் குறைவு!

பள்ளிப் பருவத்திலேயே ஏமி "மாடல்" ஆனார். புதுத் துணிகளை உடுத்தி விளம்பரப் படங்களுக்கு நிற்கும் தொழில் அது. பார்க்கச் சுலபம் போல இருக்கும். ஆனால் மணிக்கணக்கில் விளக்கு வெளிச்சத்தில் நிற்க வேண்டும். பசித்தாலும் களைத்தாலும் முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது.

2009-ம் ஆண்டில் இளம் பெண்களுக்கான "மிஸ் டீன் வேர்ல்டு" அழகுப் பட்டம் ஏமிக்குக் கிடைத்தது. மறு ஆண்டு "மிஸ் லிவர்ப்பூல்" பட்டமும் கிடைத்தது.

ஒரு போட்டோ செய்த வேலை

அதே சமயம் சென்னையில் டைரக்டர் விஜய் ஒரு கதாநாயகியைத் தேடிக்கொண்டு இருந்தார்.

அவர் எடுக்க இருந்தது, இந்தியா சுதந்திரம் பெற்ற காலத்துக் கதை. வெள்ளைக்காரக் கவர்னரின் மகளும், துணி வெளுக்கும் தமிழ் இளைஞனும் காதலிக்கிறார்கள். 1947 ஆகஸ்டு 15-ந் தேதி நாட்டுக்கு விடுதலை கிடைக்கிறது. காதலர்களோ பிரிக்கப்படுகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் பெண் கிழவியாகித் தன் காதலனைத் தேடிச் சென்னைக்கு வருகிறாள்.

இந்தக் கதைக்கு ஓர் ஆங்கிலப் பெண் தேவை. அழகிப் போட்டியில் வென்ற ஏமியின் போட்டோ படக் குழுவினரின் கண்ணில் பட்டது. அழைத்துச் சோதனை நடத்தினார்கள். தேர்ந்தெடுத்து விட்டார்கள்.

அதற்கு முன் ஏமி எந்தப் படத்திலும் நடித்தது இல்லை. தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும், "வருகிறேன்" என்றார்.

2010 ஜூலை 9-ந் தேதி "மதராசபட்டினம்" வெளிவந்தது. ஆர்யா கதாநாயகன். அப்போது ஏமிக்கு வயது 18!

தமிழ் பேசியது யார்?

இப்போது ஆயாவின் கேள்விக்கு வருவோம்.

"மதராசபட்டின"த்தில் பெரிய கஷ்டம் இல்லை. வெள்ளைக்காரப் பெண், வெள்ளைக்காரப் பெண்ணாகவே வந்தார். ஆங்கிலம் பேசினார். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசினார். தடுமாறினால்தான் அந்த வேஷத்துக்கு அழகு!

அடுத்த படங்களில்தான் சோதனை. தமிழ்நாட்டுப் பெண்ணாகவும் கேரளப் பெண்ணாகவும் நடிக்க வேண்டி வந்தது.

மொழி தெரியாத நடிகைகளுக்கு ஒரு வழி உண்டு. வசனத்தை அவரவர் மொழி எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். அர்த்தமும் சொல்வார்கள். நடிகை மனப்பாடம் செய்து வாயை அசைப்பார். பிறகு, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறு ஒருவர் திரையைப் பார்த்து, உதட்டு அசைவுக்குச் சரியாகப் பேசுவார். அழுகை, சிரிப்பு, பெருமூச்சு எல்லாம் அந்தக் குரலில்தான் வரும்.

2015 பொங்கலுக்கு வந்த ஷங்கரின் "ஐ" படத்தில் ஏமிக்குக் குரல் கொடுத்தவர் ரவீனா ரவி. முகம் ஏமியுடையது, தமிழ் ரவீனாவுடையது! முகம் தெரியாமல் குரல் மட்டும் கொடுத்து வந்த இந்த ரவீனா, பிறகு "ஒரு கிடாயின் கருணை மனு" படத்தில் கதாநாயகியாகவே நடித்தார்.

படிப்படியாக உயர்ந்தார்

2012-ல் "தாண்டவம்" படத்தில் விக்ரமுடன் நடித்தார். அதே ஆண்டு இந்திப் படத்திலும் கதாநாயகி ஆனார். "ஐ" படத்தில் மீண்டும் விக்ரமுக்கு ஜோடி. அதில் அவருக்கு விளம்பர மாடல் வேஷம். தனுசுடன் "தங்க மகன்", விஜய்யுடன் "தெறி" என்று படங்கள் தொடர்ந்தன.

2018-ல் ரஜினிகாந்தின் "2.0" வந்தது. அதில் ஏமி மனுஷியே அல்ல, எந்திரப் பெண்! பெயர் நிலா.

இதற்கிடையே "சூப்பர்கேர்ள்" என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரிலும் தோன்றினார். வழக்கமாக, வெளிநாட்டில் புகழ் பெற்றவர்தான் இங்கே வருவார். ஏமி இங்கே புகழ் பெற்று அங்கே போனார்.

2019-ல் தாய் ஆனார். சில ஆண்டுகள் தமிழ்ப் படங்களில் காணவில்லை. 2024 பொங்கலுக்கு "மிஷன்: சாப்டர் 1" படத்தில் சிறை அதிகாரியாகத் திரும்பி வந்தார். டைரக்டர் யார் தெரியுமா? முதல் சந்தர்ப்பம் கொடுத்த அதே விஜய்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் எட் வெஸ்ட்விக் என்ற ஆங்கில நடிகரை இத்தாலியில் மணந்தார்.

முன்பும் வந்தார்கள்

வெள்ளைக்காரர்கள் நம் சினிமாவுக்கு வருவது புதிது அல்ல.

ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா, 1935-ல் "ஹண்டர்வாலி" என்ற இந்திப் படத்தில் சாட்டை வீசி நாட்டையே அசத்தினார். எம்.ஜி.ஆரின் முதல் படமான "சதி லீலாவதி"யை (1936) டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த "மீரா"வும் அவர் எடுத்ததுதான். அவருக்கும் தமிழ் தெரியாது!

நிறமா, திறமையா?

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கவர்னர் மகளாக நடிக்க இங்கிலாந்துப் பெண் வேண்டும், சரி. நம் ஊர்ப் பெண்ணாக நடிக்கவும் கடல் கடந்து ஆள் தேட வேண்டுமா? வெயிலில் கறுத்த லட்சம் பெண்கள் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிறார்கள். திரையில் தங்கள் நிறத்தில் ஒரு கதாநாயகியைக் காண்பது அவர்களுக்கு அபூர்வம்.

இது ஏமியின் குற்றம் அல்ல. கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் விடவில்லை. இளம் வயதிலேயே வீட்டை விட்டு, மொழி தெரியாத ஊருக்கு வந்து உழைத்தார். அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். நிறத்தைப் பார்த்து வாய்ப்புத் தருகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

பிரம்மதேசத்தில் படம் முடிந்தது. கிழவியான துரையம்மா காதலனின் சமாதியில் உயிரை விட்டாள். ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேத்தி மெல்லக் கேட்டாள்:

"ஆயா, நான் கறுப்பா இருக்கேனே. என்னை எல்லாம் சினிமாவுல சேப்பாங்களா?"

ஆயா பேத்தியின் கையைப் பிடித்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"உப்பு வெள்ளையாத்தான் இருக்குது. அதை வாரிக் குவிக்கிற கை எந்த நெறம்? இந்தக் கை இல்லேன்னா அந்த வெள்ளை எங்கே இருந்து வரும்? நீ படி. ஒரு வார்த்தை தமிழு தெரியாம அந்தப் பொண்ணு அவ்ளோ தூரத்துல இருந்து வந்துது. உனக்குத் தமிழு தெரியுமில்லே? அப்புறம் என்ன பயம்?"

பேத்தி சிரித்தாள். ஆயா படுக்கப் போனாள். பொழுது விடியும் முன்பே அவள் உப்பளத்துக்குப் போக வேண்டும்.