வைக்கோலுக்கும் சத்து ஏற்றலாம்

(வானொலியில் உழவர் பெருமக்களுக்காக ஆற்றிய உரை)



பங்குனி, சித்திரை வந்துவிட்டால் நம் கால்நடைகள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாதது அல்ல. வரப்பில் புல் இருக்காது. வாய்க்காலில் தண்ணீர் இருக்காது. இருப்பது போரில் கிடக்கிற வைக்கோல் ஒன்றுதான். காலையில் ஒரு கத்தை, மாலையில் ஒரு கத்தை என்று உதறிப் போடுகிறோம். மாடும் தின்கிறது. வயிறும் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் விலா எலும்பை ஒவ்வொன்றாய் எண்ணிவிடலாம். பால் குறைந்துவிட்டது. கன்று போட்டு ஆறு மாதமாகியும் மாடு பருவத்துக்கு வரக் காணோம். "வயிறு நிறையத் தின்னுதுங்க, உடம்புல ஒட்டமாட்டேங்குது" என்று சொல்லாத ஊரே இல்லை.

ஏன் ஒட்டவில்லை? அதைத் தெரிந்துகொண்டால் அதற்குப் பரிகாரமும் தெரிந்துவிடும். வைக்கோலையே சத்துள்ளதாக மாற்றும் ஒரு முறையை இன்று சொல்லப் போகிறேன். அதில் யூரியா சேருகிறது. யூரியா என்றதும் சிலர் பயப்படுவீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே முறையோடு சேர்த்து எச்சரிக்கையையும் சொல்கிறேன். இரண்டையும் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

முதலில் மாட்டின் வயிற்றைப் பார்ப்போம். நமக்கு ஒரு வயிறு. மாட்டுக்கு நான்கு அறைகள். அதில் முதல் அறை மிகப் பெரியது. வளர்ந்த மாட்டுக்கு அது 100 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அந்த வயிற்று நீரில் ஒரு மில்லி லிட்டர் எடுத்தால், அதில் ஆயிரம் கோடி வரை இருக்கும். வைக்கோலில் உள்ள நார்ச்சத்தைச் செரிக்கும் சக்தி மாட்டுக்குச் சொந்தமாகக் கிடையாது. இந்த நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்து மாட்டுக்குச் சக்தியாகக் கொடுக்கின்றன. பிறகு அவையே அடுத்த அறைகளுக்குப் போய்ச் செரிமானமாகி, மாட்டுக்குப் புரதமாகவும் ஆகின்றன. ஆக, நாம் தீவனம் போடுவது மாட்டுக்கு மட்டும் அல்ல. மாட்டின் வயிற்றில் இருக்கிற இந்தக் கோடிக்கணக்கான வேலையாட்களுக்கும்தான்.

வேலையாளுக்குக் கூலி வேண்டாமா? நுண்ணுயிர்கள் பெருகுவதற்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் வேண்டும். தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவிகிதத்துக்குக் கீழே போனால் அவை தளர்ந்துவிடுகின்றன. நெல் வைக்கோலில் இருப்பதோ மூன்று, நான்கு சதவிகிதம்தான். அதனால் தின்ற வைக்கோல் செரிக்க நாளாகிறது. பழையது செரித்து நகர்ந்தால்தானே புதியதற்கு இடம்? வயிறு நிரம்பியே கிடக்கிறது. மாடு உள்ளே பட்டினி கிடக்கிறது. வயிறு புடைத்தும் விலா தெரிவதன் காரணம் இதுதான்.

இன்னொரு தடையும் உண்டு. வைக்கோல் நாரைச் சுற்றி லிக்னின் என்ற கெட்டியான பொருள், சுவருக்குச் சிமெண்டு பூசியதுபோல் ஒட்டியிருக்கிறது. நெல் வைக்கோலில் மணல்போன்ற சிலிகாவும் அதிகம். நுண்ணுயிர்கள் நாரை நெருங்கவே சிரமப்படுகின்றன.

இந்தப் பூச்சைத் தளர்த்தலாம் என்று முதலில் காட்டியவர்கள் ஜெர்மனி நாட்டார். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின்போது அங்கே கடுமையான தீவனப் பஞ்சம். எர்ன்ஸ்ட் பெக்மன் என்ற வேதியியல் அறிஞர் வைக்கோலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, கழுவி, மாட்டுக்குக் கொடுக்கும் முறையை வகுத்தார். வைக்கோல் நன்றாகச் செரித்தது. ஆனால் காஸ்டிக் சோடா கையைப் பொசுக்கும். கழுவத் தண்ணீரும் ஏராளம் வேண்டும். நம் ஊருக்கு அது ஒத்துவராது.

தழைச்சத்து பற்றிய ஆராய்ச்சி வேறு பக்கம் நடந்தது. பின்லாந்து நாட்டில் விர்ட்டனன் என்ற விஞ்ஞானி இருந்தார். தீவனத்தைக் கெடாமல் பதப்படுத்தும் முறைக்காக 1945-இல் நோபல் பரிசு பெற்றவர். 1960-களில் அவர் ஒரு சோதனை செய்தார். புரதமே இல்லாத தீவனத்துக்குச் சில பசுக்களை மெல்ல மெல்லப் பழக்கினார். மாவுச்சத்து, சர்க்கரை, சுத்தப்படுத்திய நார், தாது உப்புகள், இவற்றோடு தழைச்சத்துக்கு யூரியாவும் கொஞ்சம் அம்மோனியா உப்பும். அவ்வளவுதான். அந்தப் பசுக்கள் உயிரோடு இருந்ததோடு பாலும் கறந்தன. ஓராண்டில் 4,000 கிலோவுக்கு மேல் கறந்த பசுவும் உண்டு. யூரியாவின் தழைச்சத்தை வயிற்று நுண்ணுயிர்கள் புரதமாக்கிக் கொடுக்கும் என்பது இதனால் சந்தேகமின்றி விளங்கியது.

இந்த இரண்டு வழிகளும் வைக்கோலில் ஒன்று சேர்ந்தன. ஈரமான வைக்கோலில் யூரியாவைத் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால், யூரியா அம்மோனியா வாயுவாக மாறுகிறது. அந்த அம்மோனியா, காஸ்டிக் சோடா செய்த வேலையைச் செய்து பூச்சைத் தளர்த்துகிறது. அதில் ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்கி நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்தும் ஆகிறது. கழுவ வேண்டியதில்லை. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும், பங்களாதேஷிலும், நம் நாட்டிலும் 1980-களில் நெல் வைக்கோலைக் கொண்டு இந்த முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பதப்படுத்திய வைக்கோலில் புரத அளவு ஏழு, எட்டு சதவிகிதம் வரை ஏறுகிறது. மாடும் அதிகம் தின்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாடு ஒரு நாளைக்கு 6 கிலோ வைக்கோல் தின்கிறது என்று வச்சுக்குவோம். சாதா வைக்கோலில் மூன்றரை சதவிகிதம் என்றால் 210 கிராம் புரதம். பதப்படுத்தியதில் 7 சதவிகிதம் என்றால் 420 கிராம். கூடுதலாக வந்த 210 கிராம், ஏறக்குறைய அரைக் கிலோ கடலைப் புண்ணாக்கில் இருக்கிற அளவு. புண்ணாக்குப் புரதத்தைப்போல இது அத்தனையும் மாட்டுக்குச் சேர்ந்துவிடாது. பாதி சேர்ந்தால்கூட, இன்றைய புண்ணாக்கு விலையையும் யூரியா விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி செய்முறை. எழுதிக்கொள்ளுங்கள்.

காய்ந்த, பூசணம் பிடிக்காத வைக்கோல் 100 கிலோ. யூரியா 4 கிலோ. தண்ணீர் 50 லிட்டர். ஓட்டையில்லாத கனமான பாலிதீன் விரிப்பு இரண்டு. வைக்கோலையும் யூரியாவையும் கண்ணால் மதிக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். யூரியா ஒரு கட்டிகூட இல்லாமல் தண்ணீரில் முழுக்கக் கரையவேண்டும்.

மேட்டுப்பாங்கான இடத்தில் ஒரு விரிப்பைப் போடுங்கள். அதன்மேல் 20 கிலோ வைக்கோலைச் சீராகப் பரப்புங்கள். 10 லிட்டர் கரைசலைப் பூவாளியில் ஊற்றி எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெளியுங்கள். நன்றாக ஏறி மிதித்து அழுத்துங்கள். அடுத்த 20 கிலோ, மறுபடியும் 10 லிட்டர். இப்படி ஐந்து அடுக்கு போட்டால் வைக்கோலும் கரைசலும் சரியாய் முடிந்துவிடும். மேலே மற்ற விரிப்பைப் போர்த்தி, ஓரங்களை ஒன்றாகச் சுருட்டி, மண்ணோ மணல் மூட்டையோ வைத்துக் கெட்டியாக அணைத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது; வாயு வெளியே போகக் கூடாது. இரண்டுக்கும் அந்த விரிப்புதான் காவல்.

21 நாள் தொடாதீர்கள். அதன் பிறகு ஒரு பக்கத்தை மட்டும் திறந்தால் மூக்கைத் துளைக்கிற நெடி அடிக்கும். நெடி இருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம். வைக்கோல் பழுப்பு கலந்த பொன்னிறமாகி, தொட்டால் மெத்தென்று இருக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி மூடிவிடுங்கள். எடுத்ததை நிழலில் ஒரு மணி நேரம் பரப்பி, நெடி போன பிறகு போடுங்கள். கறுத்துப் பூசணம் பிடித்த பகுதி இருந்தால் எருக்குழிக்குப் போகட்டும், மாட்டுக்கு வேண்டாம்.

முதல் நாளே முழுதும் போடக் கூடாது. சாதா வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். சில மாடு முதலில் முகர்ந்துவிட்டு விலகி நிற்கும். கொஞ்சம் தவிடு தூவிப் பழக்கினால் சரியாகிவிடும். குடிதண்ணீர் எப்போதும் தாராளமாக இருக்கவேண்டும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. "அதே யூரியாவைத் தண்ணியில கரைச்சு தொட்டியில ஊத்திட்டா 21 நாள் காத்திருக்க வேண்டாமே?" என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. மாடு செத்துப்போகும்.

வைக்கோலில் பதமான யூரியா, நாள் முழுக்க மாடு தின்னத் தின்ன, வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. நுண்ணுயிர்கள் அதை அவ்வப்போது எடுத்துக்கொள்கின்றன. கரைசலாகக் குடித்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் அம்மோனியாவாகிறது. நுண்ணுயிர்களால் அவ்வளவையும் பிடிக்க முடியாமல், மீதி இரத்தத்தில் ஏறுகிறது. மதகைத் திறந்து அளவாய் விட்டால் பயிருக்குப் பாசனம். அதே தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு வந்தால் பயிருக்கு நாசம். பழகாத மாடு ஒரே மூச்சில் 100, 150 கிராம் தின்றாலே ஆபத்து. இரண்டு, மூன்று கைப்பிடி அளவுதான் அது.

ஆகவே யூரியாக் கரைசல் மீந்தால் தொழுவத்தில் வைக்காதீர்கள், வயலில் ஊற்றிவிடுங்கள். கரைத்த அண்டாவையும் பூவாளியையும் நன்றாகக் கழுவுங்கள். உரச் சாக்கை மாடு நக்கும்படி போடாதீர்கள். சாக்கு அலசிய தண்ணீரை மாடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தப்பித்தவறி மாடு யூரியாவைத் தின்றுவிட்டால், பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். நிலைகொள்ளாமல் தவிக்கும், உடம்பு நடுங்கும், வாயில் நுரை தள்ளும், வயிறு உப்பும், மூச்சு வாங்கும். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் வினிகரையும் நிறையக் குளிர்ந்த தண்ணீரையும் குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்துவார். வினிகரின் புளிப்பு அம்மோனியாவின் வேகத்தை அடக்கும். கடையில் வினிகர் கிடைத்தால் அவர் வருவதற்குள் வாங்கி வைத்திருங்கள். வலிப்பு கண்டு விழுந்த மாட்டின் வாயில் நாமாக எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

பதப்படுத்திய வைக்கோலை எந்தக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது? ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. அதன் முதல் வயிறு இன்னும் தயாராகவில்லை. குதிரை, கழுதை, பன்றி, கோழி இவற்றுக்கும் கூடாது. இவற்றுக்கு அசைபோடும் வயிறு கிடையாது. பசும்புல்லையோ நல்ல தீவனத் தட்டையையோ இப்படிப் பதப்படுத்தவும் கூடாது. இது வைக்கோலுக்கு உரிய முறை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இது பாலை இரண்டு மடங்காக்கும் மந்திரம் அல்ல. பத்து லிட்டர் கறக்கிற கலப்பினப் பசுவுக்கு இந்த வைக்கோல் மட்டும் போதாது. கறவைக்கு ஏற்ற அடர்தீவனம் கொடுத்தே ஆகவேண்டும். பசும்புல் தாராளமாக இருக்கிறவர்களுக்கு இந்தச் சிரமமே தேவையில்லை. கோடையில் வைக்கோலை மட்டும் நம்பியிருக்கிற வறட்டு மாடு, வளரும் கிடேரி, உழவு மாடு, இரண்டு மூன்று லிட்டர் கறக்கிற மாடு ஆகியவற்றுக்குத்தான் இதனால் நல்ல பலன்.

யூரியாவால் தீராத குறை இரண்டு உண்டு. நெல் வைக்கோலில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதற்காகத் தாது உப்புக் கலவை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் வரை கொடுங்கள். வைட்டமின் ஏ சத்தும் வைக்கோலில் இல்லை. அகத்தியோ, சூபாபுல்லோ, வேலிமசாலோ நாளைக்கு இரண்டு மூன்று கிலோ பசுந்தழை கொடுத்தால் அந்தக் குறை தீரும்.

"சார், இத்தனை வேலை யார் செய்யறது?" என்கிறீர்களா? இரண்டு பேருக்கு ஒரு காலைப் பொழுது வேலை. 100 கிலோ வைக்கோல் ஒரு மாட்டுக்குப் பதினாறு நாள் வரும். முதல் தடவை 100 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தக மருத்துவரையோ, கால்நடை ஆய்வாளரையோ கூப்பிட்டு அவர் முன்னிலையில் செய்யுங்கள். மாட்டை ஒரு மாதம் கவனியுங்கள். தீவனத் தொட்டியில் மிச்சம் குறைகிறதா, சாணம் இளகுகிறதா, மாட்டின் மேனி பளபளக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் மாசியிலேயே அடுத்த போரைத் தயார் செய்துவிடலாம். சித்திரை வெயிலில் மாட்டை விற்க ஆள் தேட வேண்டியிராது.

நூறு கிலோவுக்கு நான்கு கிலோ, ஐம்பது லிட்டர், இருபத்தொரு நாள். இந்தக் கணக்கில் கூட்டலும் வேண்டாம், குறைத்தலும் வேண்டாம்.