வண்ணத்துக்கு முன் வர வேண்டியவை

பண்டிகை நெருங்கும்போது வீட்டைப் புதுப்பிக்கும் எண்ணம் எல்லாக் குடும்பங்களிலும் எழுவதுண்டு. சுவருக்குப் புது வண்ணம், கூடத்துக்குப் புது விளக்கு, சமையலறைக்குப் புது அலமாரி என்று பட்டியல் நீளும். அதற்கான கடன் கேட்டு வருவோர் தரும் மதிப்பீட்டுத் தாள்களைப் படிக்கும் எங்களுக்கு ஒரு வழக்கம் கண்ணில் படுகிறது. தாளின் முதல் வரிகளில் ஃபால்ஸ் சீலிங்கும் அலங்கார விளக்குகளும் இருக்கும். மொட்டை மாடி ஒழுகலும் பழைய மின்கம்பிகளும் கடைசி வரியில் இருக்கும். சில தாள்களில் அவை இடம்பெறுவதே இல்லை.

இந்த வரிசையை மாற்றி அமைத்தால் செலவும் குறையும், செய்த வேலையும் நிலைக்கும். நீர், மின்சாரம், வெப்பம், பாதுகாப்பு ஆகிய நான்கையும் கவனித்த பின்னரே அழகுக்கு வர வேண்டும். அந்தந்த வேலைக்கு எந்தப் பணத்தைச் செலவிடுவது என்பதும் இதே அளவுக்கு முக்கியமானது. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் நீர்

சுவரில் வண்ணம் உரிந்து, வெண்ணிறப் பொடி பூத்திருந்தால் அதை வண்ணத்தின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. செங்கல்லிலும் காரையிலும் உள்ள உப்புகளை ஈரம் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. நீர் ஆவியானதும் உப்பு சுவரின்மேல் தங்குகிறது. இதன்மேல் எத்தனை முறை பட்டி பார்த்து வண்ணம் பூசினாலும் அடுத்த மழையில் மீண்டும் உரியும்.

எனவே ஈரம் வரும் வழியை முதலில் கண்டறிய வேண்டும். கூரையை ஒட்டிக் கறை படிந்திருந்தால் மொட்டை மாடியையும், தரையை ஒட்டிப் படிந்திருந்தால் அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரத்தையும், குளியலறைச் சுவரின் மறுபக்கம் படிந்திருந்தால் குழாய் இணைப்புகளையும் சோதிக்கலாம். மாடித்தளம் வடிகுழாயை நோக்கிச் சரிந்திருக்கிறதா, குழாயின் வாய் இலை குப்பையால் அடைபட்டிருக்கிறதா, தட்டோடுகளின் இணைப்புகளில் பூச்சு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. நீர்க்கசிவுத் தடுப்பு வேலை முடிந்ததும் வடிகுழாயை அடைத்து, மாடியில் ஓர் அங்குலம் தண்ணீரை 24 மணி முதல் 48 மணி நேரம் தேக்கி வைத்துக் கீழே கசிகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை முடியும் வரை ஒப்பந்தக்காரருக்கு முழுத்தொகையையும் கொடுக்க வேண்டாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் மொட்டை மாடியும் வெளிச்சுவரும் பொதுச் சொத்து. ஒழுகல் இருந்தால் சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்வது நல்லது. வீட்டினுள் சுவரை இடிக்கும் எண்ணமிருந்தால் சங்கத்தின் அனுமதியும் கட்டுமானப் பொறியாளரின் கருத்தும் அவசியம். தூண்களிலும் உத்திரங்களிலும் ஒருபோதும் கை வைக்கக் கூடாது.

பண்டிகையும் மழையும்

நம் நாட்டில் வண்ணம் பூசும் வழக்கம் பெரும்பாலும் பண்டிகையை ஒட்டி அமைந்துள்ளது. மும்பையில் தீபாவளிக்கு முன்பு பூசுகிறார்கள். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். தமிழ்நாட்டில் பொங்கலுக்குப் பூசுகிறோம். அக்டோபரில் தொடங்கிய வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடித்திருக்கும். கேரளத்து ஓணமோ தென்மேற்குப் பருவமழைக் காலத்திலேயே வந்துவிடுகிறது. ஆக, சுவர் ஈரத்தை மிகுதியாக உறிஞ்சியிருக்கும் நேரத்தில்தான் பல வீடுகளில் வண்ணம் ஏறுகிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உட்புறத்தில், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்தில், நீர்த்துளிகள் தெரிந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது, வண்ணம் காத்திருக்கட்டும். வெளிப்பக்கத்தில் மட்டும் துளிகள் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். மாடி வேலையையும் வெளிச்சுவர் வேலையையும் அந்தந்த ஊரின் கோடைக்காலத்தில் முடித்துவிட்டு, பண்டிகைக்கு உட்சுவர்களை மட்டும் வைத்துக்கொள்வது சிக்கனமான ஏற்பாடு.

சுவரின் பரப்பையும் நாமே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவுக்கும் ஒரு சன்னலுக்கும் சுமார் 40 சதுர அடியைக் கழித்தால் 400 சதுர அடி எஞ்சும். ஒரு லிட்டர் எவ்வளவு பரப்பை மூடும் என்பது வண்ண நிறுவனத்தின் விவரக் குறிப்பில் இருக்கும். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் மேஸ்திரி சொல்லும் கணக்கைச் சரிபார்க்க முடியும்.

மின்சாரம்

வண்ணம் பூசிய பிறகு சுவரை வெட்டிக் கம்பி பதிப்பது வீண்செலவு. எனவே மின்வேலை முன்னதாக முடிய வேண்டும். பழைய வீடுகளில் கம்பியமைப்பு விளக்கையும் விசிறியையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இன்று அதே அமைப்பில் குளிர்சாதனம், வெந்நீர்க் கொதிகலன், தூண்டல் அடுப்பு ஆகியவையும் ஓடுகின்றன. விளக்குகளுக்கு 1.5, சாதாரண மின்சாதனங்களுக்கு 2.5, குளிர்சாதனத்துக்கும் கொதிகலனுக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்பது பொதுவான நடைமுறை. கம்பியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

மின்பெட்டியில் 30 மில்லியாம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் தடுப்புச் சாதனம் இருக்கிறதா என்று கேளுங்கள். உடல் வழியே மின்சாரம் கசிந்தால் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிப்பது இதன் பணி. சாதாரண எம்.சி.பி. கம்பியைக் காக்கும், ஆளைக் காப்பது இதுவே. சாதனத்தில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்ப்பதும், நில இணைப்பைத் தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்ப்பதும் வழக்கமாக வேண்டும்.

வெயிலும் காற்றும்

மேல்தளத்தில் குடியிருப்போருக்குப் பகல் வெயில் கூரை வழியாகவே இறங்குகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்ணிறப் பூச்சை மாடியில் பூசுவது இதற்கு மலிவான தீர்வு. அகமதாபாத் நகரம் எளிய குடியிருப்புகளின் கூரைகளில் இதைச் செய்து காட்டியது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. ஒழுகலை அடைத்த பின்னரே இப்பூச்சைப் பூச வேண்டும். மேற்குப் பார்த்த சன்னலுக்கு உள்ளே கனத்த திரை போடுவதைக் காட்டிலும் வெளியே மூங்கில் தட்டியோ நிழற்பந்தலோ அமைப்பது அதிகப் பயன் தரும். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெப்பத்தைத் திரையால் முழுவதும் வெளியேற்ற இயலாது.

விசிறியிலும் சேமிப்பு உண்டு. பழைய வகைக் கூரை விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவு போதும். மூன்று விசிறிகள் நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டில் 300 நாள் ஓடினால் மிச்சமாவது 486 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,916 ரூபாய். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் போட்ட பணம் சுமார் மூன்று ஆண்டுகளில் திரும்பிவிடும். வீட்டுச் செலவுகளுள் தன் விலையைத் தானே திருப்பித் தருபவை மிகச் சில. அவற்றுக்குப் பட்டியலில் முன்னிடம் தர வேண்டும்.

முதியோரும் குழந்தைகளும்

வீட்டில் முதியோர் இருந்தால், அவர்கள் விழுந்த பிறகு செய்யும் மாற்றங்களை முன்பே செய்துவிடுவது அறிவுடைமை. கழிப்பிடத்தின் அருகிலும் குளிக்கும் இடத்திலும் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடிகளைத் திடமான சுவரில் பொருத்துங்கள். துண்டு தொங்கவிடும் கம்பி மனிதரின் எடையைத் தாங்காது. பிடிமானம் தேடும் கை முதலில் அதைத்தான் பற்றும். குளியலறைக்கு வழுவழுப்பான ஓடுகளைத் தவிர்த்துச் சொரசொரப்பானவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை சிறு இரவு விளக்குகள் வேண்டும். குளியலறையின் கதவு 2½ அடி அகலமே இருக்கும் வீடுகள் பல. பெரிய வேலை நடக்கும்போதே அதை 3 அடியாக்கினால் பின்னாளில் சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் இடர்ப்பாடு இராது.

குழந்தைகள் உள்ள வீடுகளில் பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்துச் சுரண்டி, அந்த நாட்களில் குழந்தைகளை வேறிடத்தில் இருக்கச் செய்ய வேண்டும்.

இனி அழகு

இந்த நான்கும் முடிந்த வீட்டில் சிறு செலவே பெரிய மாற்றம் தரும். விளக்கு வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட கெல்வின் எண்ணைப் பாருங்கள். 2,700 முதல் 3,000 வரை மஞ்சள் கலந்த இதமான ஒளி, படுக்கையறைக்கு ஏற்றது. 4,000 சமையலறைக்கும் படிக்கும் மேசைக்கும் பொருந்தும். 6,500 நீலம் தோய்ந்த வெள்ளொளி. எல்லா அறைகளிலும் அதையே மாட்டினால் வீடு அலுவலகம்போல் தோன்றும்.

புது இருக்கை வாங்குவதற்கு முன் அதன் அளவைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, சுற்றிலும் நடக்க 2½ அடியாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கலாம். தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலையும் அலமாரியையும் மெருகேற்றும் கூலி, புதிய மரத்தின் விலையோடு ஒப்பிட்டால் சிறிது. சமையலறை அலமாரிக்குச் சாதாரண எம்.ஆர். வகை பிளைவுட் உதவாது. கொதிநீரைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையோ, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையோ வேண்டும். முத்திரையைப் பலகை வந்திறங்கும்போதே பார்த்துவிடுங்கள். மேலே மைக்கா ஒட்டிய பிறகு அது கண்ணில் படாது.

கடனின் ஆயுள்

மூன்று பேரிடமாவது மதிப்பீடு பெற்று, பொருளின் விலையும் கூலியும் தனித்தனியே எழுதப்பட்டிருக்குமாறு கேளுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் ஒதுக்குங்கள். பணத்தை வேலையின் கட்டங்களுக்கேற்பக் கொடுத்து, கடைசிப் பத்து சதவீதத்தை வேலை முழுவதும் முடிந்து சரிபார்த்த பின் தரலாம்.

கடன் வாங்குவதாயின் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: வாங்கிய பொருளைவிடக் கடனுக்கு நீண்ட ஆயுள் இருக்கக் கூடாது. மூன்று லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் 6,228 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 73,650 ரூபாய். அதே கடனை 15 ஆண்டுகளுக்கு நீட்டினால் தவணை 3,043 ரூபாயாகக் குறைந்து மனத்துக்கு இதமளிக்கும். வட்டியோ 2,47,000 ரூபாயைத் தாண்டும். ஐந்தாறு ஆண்டுகளில் மங்கிவிடும் வண்ணத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் தவணை கட்டுவது, அடுத்த வண்ணத்துக்கும் அதற்கடுத்த வண்ணத்துக்குமான பணத்தை இன்றே விட்டுக்கொடுப்பதாகும். கூரையைச் செப்பனிடுதல், மின்கம்பி மாற்றுதல், கூடுதல் அறை கட்டுதல் ஆகியவற்றுக்கு நெடுங்காலக் கடன் பொருந்தும். வண்ணமும் திரைச்சீலையும் இருக்கைகளும் சேமிப்பிலிருந்து வாங்கத் தக்கவை. மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பில் போட்டுவந்தால் அடுத்த பண்டிகைக்கு அது கைகொடுக்கும்.

கடனின் வகையும் முக்கியம். வீட்டை அடமானமாகக் கொண்ட வீட்டுச் சீரமைப்புக் கடனுக்கு வட்டி குறைவு. தனிநபர் கடனுக்கு அதைவிட அதிகம். கடன் அட்டையில் பாக்கி வைத்தால் வட்டி மாதம் 3 சதவீதத்தை எட்டுவது சாதாரணம். மேற்சொன்ன மூன்று லட்சத்துக்கு 9-க்குப் பதில் 14 சதவீத வட்டி என்றால், அதே ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்ட நேர்வது சுமார் 45,000 ரூபாய். ஏற்கெனவே வீட்டுக் கடன் உள்ளவர்கள் கூடுதல் கடன் கிடைக்குமா என்று தங்கள் கிளையில் முதலில் விசாரிக்கலாம்.

கையெழுத்திடும் முன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் இதை வங்கிகள் தந்தாக வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வீதம் அதில் இருக்கும். மாறும் வட்டியில் தனிநபர்கள் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2012-லேயே பணித்துள்ளது. போனஸ் வந்தால் தயங்காமல் கட்டலாம். குடியிருக்கும் சொந்த வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு; புதிய முறையில் இச்சலுகை இல்லை.

இந்த ஆண்டு பண்டிகைக்குத் திட்டமிடும் வாசகர்கள், வண்ண அட்டையை விரிக்கும் முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, வீட்டாரோடு மாடியிலிருந்து குளியலறை வரை நடந்து பார்க்கலாம். கண்டவற்றை ஒரு தாளில் எழுதி, எதற்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு தங்கள் கிளைக்கு வந்தால், எதற்குக் கடன், எதற்குச் சேமிப்பு என்பதை நாம் சேர்ந்தே கணக்கிட்டுப் பார்க்கலாம்.